பல்கலைக் கழகந் தெரிதல்

ஆண்டின் இறுதிப் பருவம் வந்துவிட்டால் நம் கல்லூரி விடுதியில் இரவு விளக்குகள் இரண்டு காரணம் பற்றி நெடுநேரம் எரிகின்றன. ஒன்று பரீட்சை; மற்றொன்று விண்ணப்பம். முன்னதைப் பற்றி அறிவுரை கூறுவார் பலர் உளர். பின்னதைப் பற்றிக் கூறுவாரோ மிகச் சிலர். இளங்கலைப் படிப்பு முடியுந் தறுவாயில், இனி எப்பல்கலைக் கழகங்களுக்கு விண்ணப்பஞ் செய்வது என்னும் வினா ஒவ்வொரு மாணாக்கர் முன்னும் வந்து நிற்கின்றது. வாழ்நாளின் போக்கையே திருப்பவல்ல அவ்வினாவிற்கு நம்மிற் பலர் ஒரு மாலைப் பொழுதில், சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்தவாறே, விடையெழுதி முடித்து விடுகின்றனர். அவ்விடை எவ்வாறு எழுதப்படல் வேண்டும் என்பது பற்றி எம் கருத்தைச் சில சொற்களால் இங்கே வெளியிட விழைகின்றோம்.

பிறர் குற்றம் பேசுமுன் எம் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் முறையாகும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, பதினொரு பல்கலைக் கழகங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றிருந்தோம். அவற்றுள் நான்கு, பெயர் பெரிதென்று எழுதப்பட்டவை. மூன்று, நண்பர் செல்லக் கருதியவை. இரண்டு, எம் ஊரிலிருந்து இடையில் மாறாமற் செல்லும் புகைவண்டி உண்டென்று சேர்க்கப்பட்டவை. ஒன்று, அதன் கட்டிடத்தையும் பூந்தோட்டத்தையும் படத்திற் கண்டு மயங்கியதனால் வந்தது. எஞ்சிய ஒன்று எவ்வாறு வந்ததென்பது எமக்கே விளங்கவில்லை. எம் பாட்டனார் திருச்சபைப் பள்ளியொன்றில் முப்பதாண்டு ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவர் அத்தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை அணிந்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பின்னர், “இவ்விடங்களில் யாரிடத்தில் படிக்கப் போகிறாய்?” என்று வினவினார். பதினொரு பெயர்களுள் ஒன்றற்கேனும் எம்மால் விடை கூற இயலவில்லை. எங்கே என்பதை எழுதியிருந்தோம். யாரிடம் என்பதை நினைத்தும் பார்த்திலோம். அவர் மேலொன்றும் பேசாது தாளை மடித்து எம் கையிற் கொடுத்துவிட்டார். அன்று தொடங்கிய சிந்தனையின் பயனே இக்கட்டுரை.

பாட்டனார் கேட்டது புதிய வினாவன்று. தமிழ்நாட்டின் பழைய வினா. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தைப் பற்றியும் சொல்லைப் பற்றியும் பேசுமுன், பாயிரத்திலேயே ஆசிரியர் இலக்கணத்தை வகுத்து விடுகின்றார். நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை காட்டிய அவர், ஆசிரியராதற்குத் தகாதவர்க்கும் நான்கு உவமை காட்டுகின்றார். அவற்றுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவன் நீர் வார்த்து வளர்த்த தென்னை வளைந்து சென்று அயலான் கொல்லையிற் காய் உதிர்ப்பது போல, வழிபட்டு நின்ற மாணாக்கனுக்குப் பயன்படாது பிறர்க்கே பயன்படுவாரை அது குறிக்கும். பயிலும் இடத்தைப் பற்றி மிகச் சுருங்கக் கூறும் அந்நூல், பயிற்றுவாரைப் பற்றி விரித்துக் கூறுதல் நோக்கத்தக்கது.

பிற்காலத்திலும் இம்முறையே வழங்கிற்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் இளமையில் மாயூரத்தை நாடிச் சென்றது, அவ்வூரிற் பெரியதோர் கல்விச்சாலை இருந்தமையாலன்று; மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அங்கே இருந்தமையால். ஆசிரியர் திருவாவடுதுறைக்குச் சென்றபோது மாணாக்கரும் உடன் சென்றார். 1876-ஆம் ஆண்டில் ஆசிரியர் மறையும்வரை அத்தொடர்பு நீடித்தது. அதன் பயனை, பின்னர் அச்சேறிய சங்க நூல்களின் வாயிலாகத் தமிழுலகம் முழுவதும் பெற்றது.

“அக்காலம் வேறு, இக்காலம் வேறு; இன்று ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பட்டம் பெற முடியுமோ?” என்று நண்பர் சிலர் மறுப்பர். உண்மையே, பட்டம் பெறப் பல்கலைக் கழகம் வேண்டும். ஆயின் பல்கலைக் கழகம் என்பதுதான் யாது? 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை என்னும் மூன்றிடத்தும் பல்கலைக் கழகங்கள் ஏற்பட்டபோது, அவை இலண்டன் பல்கலைக் கழகத்தை மாதிரியாகக் கொண்டு, பரீட்சை நடத்திப் பட்டமளிக்கும் கழகங்களாகவே இருந்தன. கற்பித்தல் கல்லூரிகளின் பொறுப்பாயிருந்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தார்; அமெரிக்க மிஷனரிமார் 1823-ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிற் பயின்றவர்கள். பட்டம் அளித்தது சென்னை. அதற்கு வேண்டிய அறிவுக்கு வித்திட்டது வட்டுக்கோட்டை. மிஷன் கல்லூரி மாணாக்கராகிய நாம் இதனை மறத்தல் ஆகாது.

1929-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக் கழகம் வேறு வகையினது. மாணாக்கரை ஓரிடத்தே தங்கவைத்துத் தானே கற்பிக்கும் கழகமாக அது தோன்றியது. பிற்காலத்தில் ஏற்பட்ட பல்கலைக் கழகங்களுட் பல, ஒரு பக்கம் தம் துறைகளிற் கற்பித்தும், மற்றொரு பக்கம் தம்மோடு இணைந்த கல்லூரிகளின் மாணாக்கர்க்குப் பட்டமளித்தும் வருகின்றன. ஆதலின் ஒரே பெயருடைய பட்டத்தை இருவர் பெறலாம். ஒருவர் பல்கலைக் கழகத் துறையில் ஆராய்ச்சியாளர் நடுவே அமர்ந்து கற்றவராகவும், மற்றவர் நாற்பது கல் தொலைவிலுள்ள ஒரு கல்லூரியில் மூன்று ஆசிரியரிடம் கற்றவராகவும் இருத்தல் கூடும். இவருள் யார் நன்கு கற்றார் என்பதைப் பட்டத்தாள் கூறாது. சிலவிடத்து அம்மூன்று ஆசிரியரே மேம்பட்டவராயிருத்தலும் உண்டு. பல்கலைக் கழகத்தின் பெயரை மட்டும் எழுதிய எம் தாள் எதனையும் தெரிந்ததாகாது என்பது இதனால் விளங்கும்.

இனித் தரவரிசையை நோக்குவோம். இந்திய அரசினர் 2016-ஆம் ஆண்டு முதல் உயர்கல்வி நிலையங்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிட்டு வருகின்றனர். அவ்வரிசை வெளிவரும் நாளில் விடுதியெங்கும் அதுவே பேச்சு. அதனை யாம் பழிக்கவில்லை. நாட்டுக்கு அது வேண்டுவதே. ஆயின் அஃது எதனை அளக்கின்றது என்பதை அறிந்து பயன்படுத்தல் வேண்டும். பல்கலைக் கழகங்களை அளக்குமிடத்து, நூறு பங்கில் முப்பது கற்பித்தற்கும் அதற்குரிய வசதிகளுக்கும், முப்பது ஆராய்ச்சிக்கும், இருபது பட்டம் பெற்றோர் நிலைக்கும், பத்து பல்வகை மக்களுக்கும் இடமளித்தற்கும், பத்து பிறர் கொண்டுள்ள மதிப்புக்கும் உரியன. ஆராய்ச்சியை அளக்க ஸ்கோபஸ், வெப் ஆப் ஸயன்ஸ் என்னும் அயல்நாட்டுக் கட்டுரைத் தொகுதிகள் கொள்ளப்படுகின்றன. தமிழில் எழுதப்பெறும் ஆராய்ச்சிக் கட்டுரை அத்தொகுதிகளுட் புகுதல் அரிதினும் அரிது. பொறியியல், மருத்துவம், சட்டம் முதலியவற்றிற்குத் தனி வரிசைகள் உள்ளன; மொழிக்கும் இலக்கியத்திற்கும் தனி வரிசை இல்லை. எனவே சிறந்ததொரு தமிழ்த்துறை தன் பல்கலைக் கழகத்தின் எண்ணை உயர்த்தாமலும் இருக்கலாம். எண் உயர்ந்த பல்கலைக் கழகத்தில் தமிழ்த்துறையே இல்லாமலும் இருக்கலாம். நெல்லளக்கும் மரக்காலைக் கொண்டு பொன்னளக்கப் புகுதல் மரக்காலின் குற்றமன்று, அளப்பவன் குற்றமே.

பெயரை நாடாது ஆளை நாடியதால் விளைந்த பெருநன்மைக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. கணித மேதை இராமாநுஜன் எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தவர். 1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவர் எழுதிய கடிதம் எந்தப் பல்கலைக் கழகத்துக்கும் எழுதிய விண்ணப்பமன்று. ஹார்டி என்னும் ஒருவருக்கு எழுதியது. அதற்கு முன்னர்க் கேம்பிரிட்ஜிலேயே வேறு கணித அறிஞர் இருவருக்கு எழுதியும் பயன் பெற்றிலர் என்பர். ஹார்டியோ அக்கடிதத்தின் அருமையை உணர்ந்தார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக் கழகம் இராமாநுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. மறு ஆண்டு அவர் கப்பலேறினார். பல்கலைக் கழகம் ஒன்றே. கதவு திறந்தவர் ஒருவரே. நாம் இராமாநுஜன் அல்லேம். ஆயினும் அவர் கையாண்ட வழி நமக்கும் உரியதே. ஒரு பேராசிரியர் எழுதிய நூலையோ கட்டுரையையோ படித்து, அதுபற்றி உண்மையான ஐயமொன்றை மரியாதையுடன் அவருக்கு எழுதிக் கேட்க எந்த மாணாக்கர்க்கும் தடையில்லை. மறுமொழி வருமாயின் ஓராசிரியரைக் கண்டோம்; வாராதாயின் இழந்தது சிறிதே.

ஆயினும் “யாரிடம்” என்னும் வினாவுக்கு முன்னர் மற்றொரு வினா உண்டு என்பதைச் சின்னாட் கழித்தே உணர்ந்தோம். யாம் எதனைக் கற்க விழைகின்றோம்? இதனை அறியாதார்க்கு எல்லா ஆசிரியரும் ஒன்றே. எம் நிலையை எடுத்துக் காட்டுதல் பொருந்தும். தமிழ் உரைநடை வளர்ந்த வரலாற்றில் எமக்கு நெடுநாள் விருப்பமுண்டு; சிறப்பாக வேதாகம மொழிபெயர்ப்புக்களின் நடையில். 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் 1715-ஆம் ஆண்டில் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டிற்கும், பின்வந்த பப்ரிசியஸ் ஐயர் மொழிபெயர்ப்புக்கும், 1871-ஆம் ஆண்டில் பவர் ஐயர் முதலியோர் திருத்தி வெளியிட்டதற்கும் இடையே தமிழ் வாக்கியம் எவ்வாறு மாறியது என்பதை அறிய விழைகின்றோம். ஞாயிறுதோறும் ஆலயத்திற் கேட்டு வளர்ந்த நடை எங்கிருந்து வந்தது என்னும் ஆசையன்றி இது வேறன்று.

இவ்வாறு கற்கும் பொருள் தெளிந்தவுடன், நாடும் இடமும் தானே தெளியத் தொடங்கிற்று. எந்நூல்கள் வேண்டும்? அவை எங்குள்ளன? பெங்களூரிலுள்ள ஐக்கிய இறையியற் கல்லூரியின் ஆவணக் காப்பகம் மிஷன் வரலாற்றுக்கு உரியது. ஜெர்மனியில் ஹாலே நகரத்திலுள்ள பிராங்கே அறநிலையத்தில், தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் காக்கப்படுகின்றன. சென்னையில் 1994-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சு நூல்களுக்குப் பெயர் பெற்றது. ஆகவே சென்னையிற் பயில்வார்க்கு அவ்வாயில் அருகில் உள்ளது. ஓலைச்சுவடியில் விருப்பமுடைய எம் வகுப்புத் தோழர் ஒருவர்க்கோ வேறு விடை கிடைத்தது. 1981-ஆம் ஆண்டில் தஞ்சையில் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக் கழகத்தில் ஓலைச்சுவடிக்கும் கல்வெட்டிற்கும் தனித்தனித் துறைகள் உள்ளன; அதே நகரத்திற் சரசுவதி மகால் நூல்நிலையமும் உளது. சைவ ஆகமங்களை ஆராய்வார்க்குப் புதுச்சேரியில் 1955-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் இன்றியமையாதது. அந்நகரத்துச் சைவச் சுவடித் தொகுதிகளை 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக நினைவேட்டிற் சேர்த்தது. ஒரே வகுப்பில் ஒரே பாடம் பயிலும் இருவர்க்குச் சிறந்த பல்கலைக் கழகம் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. விஞ்ஞானம் பயிலும் அன்பர்கள், யாம் நூல்நிலையம் என்றவிடத்து ஆய்வுக்கூடம் என்று கொள்வாராக.

இவ்வழியில் நமக்கு முன் நடந்தவர் ஒருவரை இங்கே நினைவுகூர்தல் கடன். யாழ்ப்பாண நாட்டில் 1913-ஆம் ஆண்டிற் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளார் உரோமாபுரியிற் பயின்று, கார்த்தேஜ் நாட்டுக் குருமார் பற்றிய ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் பெற்றவர். பின்னர் நெல்லை நாட்டு வடக்கன்குளத்திற் பள்ளியாசிரியராயிருந்தபோது தமிழின் அருமை அவர் உள்ளத்தைப் பிணித்தது. ஐரோப்பாவில் டாக்டர் பட்டம் பெற்ற அக்குரு, 1945-ஆம் ஆண்டில், முப்பது வயது கடந்த பின்னர், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் மாணாக்கராய்ச் சேர்ந்து தமிழ் கற்றார். உலகோர் கணக்கில் இது மேலிருந்து கீழிறங்குதல். தமிழ் வேண்டியபோது சிதம்பரம் சென்ற அவரே, கல்வியியல் வேண்டியபோது இலண்டன் சென்று, பண்டைத் தமிழர் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து மற்றுமொரு டாக்டர் பட்டம் பெற்றார். அந்தாம் தெ ப்ரோயென்சா என்னும் பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை, 1679-ஆம் ஆண்டில் அச்சான வடிவிலேயே, 1966-ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக் கழக வாயிலாக மீண்டும் வெளிவரச் செய்தவரும் அவரே. உரோமாபுரி, சிதம்பரம், இலண்டன், கோலாலம்பூர் என்பவற்றுள் எது உயர்ந்தது என்று அவர் வினவியதாகத் தெரியவில்லை. தமக்கு வேண்டியது எங்குளதோ அங்குச் சென்றார்.

ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் செல்வார்க்கு இவ்வினா இன்னும் கூர்மையுடையது. எமக்கு நன்கு தெரிந்த பழைய மாணாக்கர் ஒருவர், பெயர் பெரிதென்று ஓரிடத்திற் சேர முனைந்தார். தாம் விரும்பிய பொருளை அறிந்த பேராசிரியர் அங்கே ஒருவரே. அவரும் ஓய்வு பெறும் நிலையில் இருந்தார் என்பதை இடம் பெற்று விடுதியிற் குடியேறிய பின்னரே அறிந்தார். இரண்டாண்டு வீணாயிற்று. 2022-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படி, ஒரு பேராசிரியர் ஒரே காலத்தில் எட்டு ஆராய்ச்சி மாணாக்கர்க்கும், இணைப் பேராசிரியர் அறுவர்க்கும், உதவிப் பேராசிரியர் நால்வர்க்கும் மேல் வழிகாட்டலாகாது. ஓய்வு பெற மூன்றாண்டிற்குக் குறைவாக உள்ளவர் புதிய மாணாக்கரை ஏற்றலும் ஆகாது. எனவே, நாம் விரும்பும் ஆசிரியரிடம் இடமுண்டா, அவர் இன்னும் எத்தனை ஆண்டு அங்கிருப்பார் என்னும் இரண்டு சிறு வினாக்களை முன்னரே கேட்டறிதல் நாணத்துக்குரியதன்று. தேசியத் தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறுவார்க்கு 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக அத்தொகை உயர்த்தப்பட்டது. வறிய குடும்பத்து மாணாக்கர்க்கு அத்தேர்வு பெரியதோர் ஊன்றுகோல் என்பதையும் இங்கே குறிக்கின்றோம்.

எத்தனை இடங்களுக்கு விண்ணப்பிப்பது? பலவிடத்து வலை வீசினால் ஓரிடத்தேனும் மீன் படும் என்பார் உளர். 2022-ஆம் ஆண்டு முதல் மத்தியப் பல்கலைக் கழகங்கள் பலவற்றின் முதுகலைப் படிப்புக்கு ஒரே நுழைவுத் தேர்வு நடைபெறுவதால், பெயர்களைக் குறித்துக்கொண்டே போதல் எளிதாகிவிட்டது. ஆயின் ஒவ்வொரு பெயரின் பின்னும் கட்டணமும் பிரயாணச் செலவும் விடுதிச் செலவும் உள்ளன. கோபுரங் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் உரைத்த உவமையை ஞாயிறு பள்ளியிலேயே கற்றோம். விண்ணப்பத்தாளின் முன் அதை மறந்து விடுகின்றோம். எம் கருத்தில் நான்கு அல்லது ஐந்து போதும். ஒன்று, கிடைப்பது அரிதாயினும் உள்ளம் விரும்புவது. இரண்டு அல்லது மூன்று, நம் தகுதிக்கும் தேவைக்கும் பொருந்துவன. ஒன்று, வீட்டிலிருந்தோ குறைந்த செலவிலோ பயிலத்தக்கது. ஒவ்வொன்றன் எதிரிலும், அங்கே எதனை யாரிடம் கற்பது, அதற்கு யார் பொருள் கொடுப்பது என்று எழுத முடியவேண்டும். எழுத முடியாத பெயரை அடித்துவிடுதலே நன்று.

இவ்விடத்து எம் சகோதரி மாணாக்கியரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். வகுப்பில் முதன்மை பெற்றும், “அவ்வளவு தொலைவில் எப்படி அனுப்புவது?” என்னும் ஒரே வினாவால் வாயில் அடைபட்டவர் பலர். பெற்றோர் அச்சத்தை அறியாமையென்று இகழ்தல் தகாது; அன்பே அவ்வாறு பேசுகின்றது. ஆயின் அவ்வச்சத்துக்கு விடை சினமுமன்று, கண்ணீருமன்று, செய்தியே. மகளிர் விடுதி எங்குளது, இடம் உறுதியாகக் கிடைக்குமா, புகைவண்டி நிலையத்திலிருந்து எவ்வளவு தொலைவு, நம் கல்லூரியிலிருந்து முன்னர்ச் சென்ற பெண்கள் யாவர் என்பவற்றைத் திரட்டிக் கொடுத்தால், மறுப்புப் பாதி நீங்கும். மீதிப் பாதிக்குப் பேராசிரியர் ஒருவர் பெற்றோரிடம் பேசும் பத்து நிமிடம் போதியதாயிருத்தலை யாம் கண்டுள்ளோம்.

இதனால் யாவரும் தொலைவிற் செல்லல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. நோயுற்ற தாயைப் பேணவும், தம்பியின் கட்டணத்தைச் செலுத்தவும் ஊரிலேயே தங்கிப் பயில்வாரை யாம் வணங்குகின்றோம். நம் கல்லூரியிலேயே தாம் விரும்பிய ஆசிரியர் இருத்தலால் இங்கேயே முதுகலை பயில்வாரும் நன்கு தெரிந்தவரே. தங்குதல் குற்றமன்று, ஆராயாது தங்குதலும் ஆராயாது செல்லுதலுமே குற்றம். ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓரதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அதனைப் பரீட்சைக்கு மனனம் செய்யும் நாம், பரீட்சை முடிந்தவுடன் தெரியாது செயல்படுதல் நகைப்புக்கிடமாகும்.

எம் தாளின் கதையை முடித்து விடுகின்றோம். பதினொன்று நான்காயிற்று. முதலாவது, யாம் படித்துப் பயன்கொண்ட நூலொன்றை எழுதிய பேராசிரியர் உள்ள இடம். இரண்டாவது, வேண்டிய நூல்களுக்கு அண்மையிலுள்ள சென்னை. மூன்றாவது, மொழியியலை நன்கு கற்பிக்கும் ஒரு மத்தியப் பல்கலைக் கழகம். நான்காவது, நம் கல்லூரியே. படத்திற் கண்ட பூந்தோட்டம் போயிற்று. அதனை அடிக்கும்போது மனம் சிறிது வருந்தியதை மறைக்கவில்லை. சென்ற மாதம் அத்தாளைப் பாட்டனாரிடம் மீண்டும் கொடுத்தோம். யாரிடம் என்னும் வினாவிற்கு நான்கு விடையும் ஆயத்தமாயிருந்தன. அவரோ அதனைக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “கட்டணம் எவ்வளவு?” என்று கேட்டார். அதுவும் தக்க வினாவே. அதற்குரிய விடையை இருவருமாக இருந்து, கணக்கெழுதும் பழைய நோட்டுப் புத்தகமொன்றில் எழுதினோம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்திகளை ஒவ்வொரு மாணாக்கரும் தனித்தனியே இருட்டில் தடவித் தேடுதல் வேண்டுவதில்லை. நம் கல்லூரி நூல்நிலையத்தில் தடித்த குறிப்பேடொன்று வைக்கப்பெறுமாயின், இங்கிருந்து சென்ற பழைய மாணாக்கர் ஒவ்வொருவரும் தாம் சென்ற இடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். யாரிடம் பயின்றேன், அவர் மாணாக்கர்க்கு எவ்வளவு நேரம் அளித்தார், நூல்நிலையம் எப்பொழுது வரை திறந்திருந்தது, விடுதியில் இடம் கிடைத்ததா, ஆண்டொன்றுக்கு உண்மையில் எவ்வளவு செலவாயிற்று, மீண்டும் தெரிவதாயின் அதனையே தெரிவேனா? இவ்வாறு வினாக்கள் போதும். புகழுரை வேண்டா, பழியுரையும் வேண்டா, கண்டது எழுதினால் அமையும். பழைய மாணாக்கர் சங்கத்தார் ஆண்டு விழாவுக்கு வரும்போது இவ்வேட்டைத் திறந்து ஒரு பக்கம் எழுதிச் செல்வாராயின், அவர் அளிக்கும் எந்த நன்கொடைக்கும் அது குறைந்ததாகாது. நம் பேராசிரியப் பெருமக்களும், சான்றுக் கடிதம் கேட்டு வரும் மாணாக்கரிடம், எங்கே என்பதோடு யாரிடம் என்றும் ஒருமுறை கேட்டருள்வார்களாக. பாட்டனார் இல்லாத மாணாக்கர்க்கு அவ்வினாவைக் கேட்பார் வேறு யாவர் உளர்?

வாயில்கள் பலவாகத் திறந்துள்ள காலத்தில் வாழ்கின்றோம். எவ்வாயில் நமக்குரியது என்று தேர்ந்து நுழையும் தெளிவை இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.